மாருதி வெள்ளை எல்லாம் ஒரே வெள்ளை இல்லை: டச்சப் பெயிண்டுக்குச் சரியான கலரைப் பிடிப்பது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 2017 மாடல் ஸ்விஃப்ட், வெள்ளை வண்டி. பின்கதவில் பைக் ஹாண்டில்பார் உரசி ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். முன் பம்பர் மூலையில் பெயிண்ட் உரிந்து கறுப்பு பிளாஸ்டிக் தெரிகிறது. பானெட்டில் கல் தெறித்த புள்ளிகள் சில. ஆன்லைனில் 'மாருதி ஒயிட்' என்று விற்ற ஸ்ப்ரே டின்னை வாங்கிக் கதவில் அடித்தீர்கள்; அடித்த இடம் மட்டும் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி தனியாகத் தெரிகிறது. சரியான கலரை எப்படிக் கண்டுபிடிப்பது, இல்லை கதவையே முழுதாகப் பெயிண்ட் அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், அந்த டின்னை இனி வண்டியில் எங்கும் அடிக்க வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் சுப்பீரியர் ஒயிட். டின்னின் மேல் 26யு (26U) என்ற கலர் குறியீடு இருந்தால் சந்தேகமே இல்லை. ஆல்டோ, வேகன்-ஆர் மாதிரியான வண்டிகளில் வந்த சாலிட் வெள்ளை அது. உங்கள் ஸ்விஃப்டில் வந்த வெள்ளை பேர்ல் ஆர்க்டிக் ஒயிட். இரண்டுமே மாருதிதான், இரண்டுமே வெள்ளைதான், ஆனால் பெயிண்டே வேறு. சாலிட் வெள்ளையில் வெள்ளை நிறமியும் அதைக் கொஞ்சம் மஞ்சள் பக்கமோ நீலப் பக்கமோ தள்ளும் டின்ட்டர்களும்தான் இருக்கும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே நிறம். பேர்லில் மைக்காத் துகள்கள் சேர்ந்திருக்கும். வெளிச்சம் அந்தத் துகள்களில் பட்டுத் திரும்புவதால் நேராகப் பார்க்கும்போது ஒரு பளிச்சும், சாய்த்துப் பார்க்கும்போது வேறொரு தொனியும் கிடைக்கும். சாலிட் வெள்ளையை எத்தனை கோட் அடித்தாலும் அந்தப் பளிச்சு வராது.

இதை உங்கள் வண்டியிலேயே இன்று ராத்திரி பார்த்துவிடலாம். போன் டார்ச்சைக் கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, நல்ல பெயிண்ட் இருக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். ஊசிமுனை அளவில் மினுமினுப்பு தெரிந்தால் பேர்ல். அப்படியே டார்ச்சை நீங்கள் ஸ்ப்ரே அடித்த இடத்துக்கு நகர்த்துங்கள். அங்கே ஒன்றும் மின்னாது.

அடித்த பெயிண்டை எடுக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். கடையில் கிடைக்கும் சாதா ஸ்ப்ரே டின், பெயிண்டை இறுக்கும் ஹார்ட்னர் சேராத பெயிண்ட். காய்ந்த பிறகும் தின்னரில் கரையும். கம்பெனியில் அடித்த கிளியர் கோட், அதாவது கலருக்கு மேலே போடும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு, சூளையில் சுமார் 140 டிகிரியில் வெந்தது. தின்னர் நனைத்த துணியால் லேசாகத் துடைப்பதை அது தாங்கும். துணியை ஊற வைக்காமல், அழுத்தாமல், ஒவ்வொரு முறையும் புதுப்பக்கத்தைத் திருப்பித் துடையுங்கள். இரண்டு இடங்களில் இது கூடாது. ஒன்று, பிளாஸ்டிக் பம்பர். இன்னொன்று, ஏற்கெனவே வெளியில் ரீபெயிண்ட் ஆன பேனல். அதன் பெயிண்டும் சேர்ந்து கரைந்து வந்துவிடலாம். எதற்கும் கதவின் அடிப்பக்கம் ஒரு காசு அளவுக்குத் துடைத்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

துடைத்த பிறகு கீறலை நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் பெயிண்டே தேவைப்படாமல் போகலாம். கீறலின் மேல் தண்ணீர் தெளியுங்கள். ஈரமாக இருக்கும் வரை கீறல் மறைந்தால் அது கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. தேய்த்துப் பளபளப்பாக்கும் பசையான ரப்பிங் காம்பவுண்ட் போட்டாலே பெருமளவு போய்விடும். நகத்தைக் குறுக்கே இழுத்தால் தட்டுகிறது, உள்ளே சாம்பல் நிற பிரைமரோ (கலருக்கு அடியில் போடும் முதல் பூச்சு) தகடோ தெரிகிறது என்றால்தான் கலர் தேடும் வேலை. பைக் உரசலில் பாதி, எதிர் வண்டியின் ரப்பரும் பெயிண்டும் நம் வண்டியில் ஒட்டிக்கொண்டதுதான். அதைக் கீறல் என்று நினைத்துப் பெயிண்ட் வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, கலர் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். பெயரை நம்பாதீர்கள், கலர் கோடை, அதாவது அந்த நிறத்துக்குக் கம்பெனி வைத்திருக்கும் குறியீட்டைத் தேடுங்கள். ஆர்சி-யில் நிறம் எழுதியிருக்கும், ஆனால் சில சமயம் வெறும் 'ஒயிட்' என்றோ புரியாத சுருக்கமாகவோ இருக்கும். வண்டி வாங்கியபோது தந்த ஃபார்ம் 21, அதாவது சேல் சர்டிஃபிகேட்டிலும் நிறத்துக்கு ஓர் இடம் உண்டு. இவை எல்லாம் பெயர் வரைக்கும்தான் கொண்டுபோகும். கோடு வண்டியின் உடம்பில் இருக்கிறது: டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், பானெட்டுக்குக் கீழே இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவர், ரேடியேட்டருக்கு மேலே ஓடும் பட்டை. மூன்றையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். எண்ணெய் அழுக்குக்கு அடியில் ஒளிந்திருக்கும். சுசுகி வண்டிகளில் கோடு பெரும்பாலும் மூன்று எழுத்து. சில்கி சில்வர் என்றால் இசட்2எஸ். டொயோட்டா என்றால் தகட்டில் 'சி/டிஆர்' என்று போட்டு, சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது வெளி நிறம், பின்னால் இருப்பது உள் அலங்காரம். அவர்களுடைய பிரபலமான வெள்ளை 040. ஹோண்டாவில் கடைசி எழுத்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்: என்எச்-700எம் என்றால் மெட்டாலிக், என்எச்-731பி என்றால் பேர்ல், என்எச்-578 மாதிரி எழுத்தே இல்லாமல் முடிந்தால் சாலிட். ஃபோக்ஸ்வேகன் வண்டிக்கு டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் ஒட்டியிருக்கும் தாளைத் தேட வேண்டும்.

ஸ்டிக்கர் கிழிந்து போயிருந்தால் சேஸிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு கம்பெனி ஷோரூமின் ஸ்பேர்ஸ் கவுன்ட்டருக்குப் போங்கள். 17 இலக்க எண்ணுக்குள் கலர் எழுதப்பட்டிருக்காது. ஆனால் அந்த எண்ணை வைத்து, அந்த வண்டி எந்தக் கலரில் வெளியே வந்தது என்று அவர்கள் கணினியில் பார்த்துச் சொல்ல முடியும். கூடவே, அந்தக் கோடுக்குக் கம்பெனி டச்சப் பாட்டில் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். பானெட் புள்ளிகளுக்கு அது போதும்.

கதவுக்கு அது போதாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரியாமல்தான் பணம் வீணாகிறது.

ஒரே கோடு உள்ள இரண்டு வண்டிகள் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெயிண்ட் கம்பெனி மாறும், தொழிற்சாலை மாறும், தொகுதிக்குத் தொகுதி இம்மி அளவு நகரும். அதனால்தான் மிக்ஸிங் கடையில், அதாவது பெயிண்ட் கலந்து கொடுக்கும் கடையில், ஒரு கலர் கோடைத் தட்டினால் கணினி ஒரே ஃபார்முலாவைக் காட்டாமல், அசலையும் அதன் கீழே சில வேரியன்ட்களையும் காட்டும்: ஒன்று கொஞ்சம் மஞ்சள் சாய்ந்தது, ஒன்று நீலம் சாய்ந்தது, ஒன்று துகள் கரடானது. நல்ல கடையில் இவற்றை அடித்துக் காயவைத்த சின்ன அட்டைகள் கொத்தாக மாட்டியிருக்கும். அந்தக் கொத்தை வாங்கி உங்கள் வண்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் 'கோடு இதுதான், கலக்கிக் கொடுங்கள்' என்று வாங்கி வந்தால், சரியாக அமைவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

அதோடு உங்கள் வண்டி இத்தனை வருஷம் வெயிலில் நின்றிருக்கிறது. வெள்ளை சிவப்பு மாதிரி வெளுக்காது. ஆனால் கிளியர் கோட்டின் மேல் தோல் மங்கும், போர் தண்ணீரின் உப்பு படியும், வெள்ளை அழுக்கேறி ஒரு மாதிரி பழுப்புக்குப் போகும். அந்த அழுக்கையும் கலர் என்று நினைத்து மேட்ச் செய்தால், அடுத்த பாலிஷ் போட்ட அன்றே டச்சப் செய்த இடம் பழுப்பாக எட்டிப் பார்க்கும். ஆகவே ஒப்பிடும் முன் கீறலுக்குப் பக்கத்தில் ஓர் உள்ளங்கை அளவுக்குக் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து, துடைத்து, பளபளப்பைக் கொண்டுவந்துவிடுங்கள். ஒப்பிட வேண்டியது அந்த இடத்தோடுதான்.

வண்டியைக் கடைக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் பெட்ரோல் மூடியின் வெளிக்கதவைக் கழற்றி எடுத்துப் போவது பெயிண்டர்களின் பழைய வழக்கம், நல்ல வழக்கமும் கூட. வண்டியின் மற்ற பாகத்தோடு சேர்ந்து வெயில் கண்டது, கையடக்கமானது, ஸ்பெக்ட்ரோ கருவியை வைக்க ஓரளவு சமதளமும் இருக்கும். அந்தக் கருவி பெயிண்டின் மேல் வெளிச்சம் போட்டு, பல கோணங்களில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து, தன்னிடம் உள்ள ஃபார்முலாக்களில் நெருங்கியதைக் காட்டும். மெட்டாலிக், பேர்ல் என்றால் ஒரே கோணத்தில் அளக்கும் பழைய கருவி போதாது, பல கோணக் கருவி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கருவி இருந்தாலும் கடைசித் தீர்ப்பு கண்ணுடையதுதான்.

இன்னொரு விஷயம், எவ்வளவு வாங்குவது என்பது. ஒரு கீறலுக்கு 50 மில்லிகூட அதிகம்தான். ஆனால் அளவு குறையக் குறையக் கலக்கல் பிசகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டருக்கு 0.4 கிராம் கறுப்பு டின்ட்டர் என்று ஃபார்முலா சொன்னால், 100 மில்லிக்கு 0.04 கிராம். கடைத் தராசு 0.1 கிராம் வரைதான் காட்டும் என்றால் அந்தக் கறுப்பை எப்படி அளப்பது? ஒரு துளி கூடுதலாக விழுந்தாலே வெள்ளை சாம்பலாகிவிடும். அடர் நீலத்திலோ கறுப்பிலோ இந்தத் துளி யார் கண்ணுக்கும் தெரியாது. வெள்ளையிலும் வெளிர் சில்வரிலும் நேராக முகத்தில் அடிக்கும். எனவே குறைந்தது கால் லிட்டராவது கலக்கச் சொல்லுங்கள். கூடுதல் செலவுதான், ஆனால் தப்பான 100 மில்லியை இரண்டு முறை வாங்குவதைவிடக் குறைவு.

வாங்கும்போதே 'இந்தக் கோடு டூ ஸ்டேஜா, த்ரீ ஸ்டேஜா' என்று கேளுங்கள். டூ ஸ்டேஜ் என்றால் கலர் கோட், அதன் மேல் கிளியர். த்ரீ ஸ்டேஜ் என்றால் அடியில் ஒரு வெள்ளை, நடுவில் கண்ணாடி மாதிரி ஊடுருவும் பேர்ல் கோட், மேலே கிளியர். நடுவிலுள்ள அந்த பேர்ல் பூச்சை இரண்டு முறை அடித்தால் ஒரு நிறம், மூன்று முறை அடித்தால் இன்னொரு நிறம். மஸ்தாவின் சோல் ரெட் 46வி மாதிரியான நிறங்களைத் தொடவே பெயிண்டர்கள் தயங்குவது இதனால்தான். பேர்ல் வெள்ளைக்கு ஒரே பாட்டிலில் 'எல்லாம் சேர்ந்தது' என்று யாராவது விற்றால் அது கல் தெறித்த புள்ளிக்கு ஆகும், கதவுக்கு ஆகாது.

இனி டெஸ்ட் கார்டு. முழு வேலையிலும் நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். பெயிண்டை நேராக வண்டியில் போடாதீர்கள். ஒரு தடித்த அட்டையையோ தகர மூடியையோ எடுத்து, கதவுக்கு எந்த பிரைமர் போடப் போகிறீர்களோ அதே பிரைமரை அதிலும் அடியுங்கள். அடித்தளம் கறுத்த சாம்பலா, வெளிர் சாம்பலா என்பதைப் பொறுத்து மேலே வரும் வெள்ளை மாறும். அப்புறம் கலர். அட்டையின் பாதியில் இரண்டு கோட், மறு பாதியில் நான்கு கோட். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தால் பெயிண்ட் அடியை மறைத்துவிட்டது. இல்லையென்றால் இன்னும் கோட் வேண்டும். கடைசியில் கிளியர். கிளியர் போடாமல் ஒப்பிடாதீர்கள், கலர் கோட் மட்டும் காய்ந்தால் மங்கி வெளிறித் தெரியும்; அதைப் பார்த்து 'கலர் தப்பு' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

எதில் அடிக்கிறீர்களோ அதுவும் கலரை மாற்றும். ஸ்ப்ரே கன்னில் அடிக்கும்போது துகள்கள் ஏறக்குறையப் படுத்த வாக்கில் படியும். பிரஷ்ஷில் தடவினால் கன்னாபின்னாவென்று நிற்கும். ஒரே பாட்டில் பெயிண்ட், பிரஷ்ஷில் கறுத்துத் தெரியும், கன்னில் வெளுத்துத் தெரியும். கன்னிலும் ஈரமாக அடித்தால் துகள் அடியில் இறங்கி நிறம் ஆழமாகும், தூரத்திலிருந்து உலர்வாக அடித்தால் துகள் மேலே நின்று வெளிறும். கைதேர்ந்த பெயிண்டர் கடைசி இம்மி வித்தியாசத்தைச் சரிசெய்வது டின்ட்டரால் இல்லை, இந்தக் கை வாகினால். ஆகவே டெஸ்ட் கார்டை, கதவை அடிக்கப் போகும் அதே ஆள், அதே கன்னில், அதே காற்றழுத்தத்தில் அடிக்க வேண்டும்.

பாட்டிலோ டின்னோ, நன்றாகக் குலுக்குங்கள். மைக்காவும் அலுமினியத் துகளும் கனம், அடியில் போய்ப் படுத்துவிடும். டின்னுக்குள் இருக்கும் குண்டு உருள ஆரம்பித்த பிறகு முழுசாக இரண்டு நிமிஷம் குலுக்க வேண்டும். குண்டே உருளவில்லை என்றால் பெயிண்ட் இறுகிப் படிந்திருக்கிறது, அதை அப்படியே அடிக்காதீர்கள்.

அட்டை காய்ந்ததும் கதவோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், இடைவெளி இல்லாமல். காலை பத்து மணி வாக்கில் திறந்த வெளியில் பார்ப்பது நல்லது. ஒரு முறை நேர் வெயிலில், ஒரு முறை நிழலில். நேராக நின்று பாருங்கள், அப்புறம் கதவை ஒட்டி நின்று பக்கவாட்டில் ஓரக்கண்ணால் பாருங்கள். பேர்லும் மெட்டாலிக்கும் நேரில் ஒத்துப்போய், சாய்வில் காட்டிக்கொடுத்துவிடும். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு வெள்ளைகள் வெயிலில் பிரிவதும் உண்டு, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு டின்ட்டர்களில் கலந்தவையாக இருக்கும். நீலத் தார்ப்பாய் கூரைக்குக் கீழேயோ பச்சை ஷீட் போட்ட ஷெட்டிலோ வெள்ளையை மேட்ச் செய்ய ஒப்புக்கொள்ளவே கூடாது. கூரையின் நிறம் அப்படியே பெயிண்டில் விழும். சாயங்கால மஞ்சள் வெயிலிலும் வேண்டாம்.

கதவை முழுதாக அடிக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். விரல் நீளக் கீறலுக்கு முழுக் கதவு அடிக்க வேண்டும், ஆனால் வெள்ளையை முழுக் கதவுக்கும் அடிக்கக் கூடாது. கலர் கோட்டைக் கீறலைச் சுற்றி அடித்து, ஓரம் தெரியாமல் வெளியே வெளியே மெலிந்துகொண்டே போகும்படி கரைத்துவிட்டு, கிளியரை மட்டும் கதவின் விளிம்பு முதல் விளிம்பு வரை அடிப்பது சரியான முறை. இதை பிளெண்டிங் என்பார்கள். வித்தியாசம் இருந்தாலும் அது ஒரு கோடாக நிற்காமல் பரவிவிடுவதால் கண்ணில் படாது. முழுக் கதவையும் ஒரே கலரில் அடித்து மாட்டினால், முன்கதவும் பின்கதவும் சேரும் அந்த நேர்க்கோட்டில் துளி வித்தியாசமும் பளிச்சென்று தெரியும். பெயிண்டரிடம் பேசும்போது 'பேனல் ரேட் எவ்வளவு' என்று மட்டும் கேட்காதீர்கள். பிளெண்ட் செய்வீர்களா, டெஸ்ட் கார்டு அடித்துக் காட்டுவீர்களா, கிளியர் ஹார்ட்னர் சேர்ந்த 2கே தானா என்று கேளுங்கள். டெஸ்ட் கார்டு என்றதும் முகம் சுளிப்பவரிடம் பேர்ல் வெள்ளையைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. நீங்களே 2கே கிளியர் ஸ்ப்ரே வாங்கி அடிக்க நினைத்தால், அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு நல்லதல்ல. துணி மாஸ்க் அதைத் தடுக்காது, அதற்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் திறந்த வெளியும் வேண்டும்.

பம்பர் விஷயத்தில் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். பம்பர் பிளாஸ்டிக், உடம்பு வேகும் 140 டிகிரி சூடு அதற்கு ஆகாது. அதனால் அது தனியாக, குறைந்த சூட்டில், வேறு வகைப் பெயிண்டில் அடிக்கப்பட்டு வருவது வழக்கம். புது வண்டியிலேயே ஃபெண்டரும் பம்பரும் சேரும் இடத்தை வெயிலில் உற்றுப் பார்த்தால் பல வண்டிகளில் சின்ன வித்தியாசம் தெரியும். ஆகவே பம்பருக்கான அட்டையைப் பம்பரோடு ஒப்பிடுங்கள், கதவோடு அல்ல. உரிந்த இடத்தில் பிளாஸ்டிக் பிரைமர் போடாமல் கலரை அடித்தால் நிறம் எவ்வளவு பொருந்தினாலும் சீக்கிரம் தோலாக உரிந்து வரும்.

பானெட் புள்ளிகளுக்கு ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். கம்பெனி டச்சப் பாட்டிலைக் குலுக்கி, பல்குத்தும் குச்சியின் முனையில் ஒரு துளி எடுத்துப் பள்ளத்தின் நடுவில் வையுங்கள். அது தானாகப் பரவிக்கொள்ளும். பாட்டில் மூடியோடு வரும் பிரஷ் இந்த வேலைக்கு மிகத் தடிமன். ஒரு துளி காய்ந்து உள்ளே அமுங்கியதும் இன்னொரு துளி, சுற்றியுள்ள பெயிண்டின் மட்டத்துக்கு வரும்வரை. கடைசித் துளி கிளியர். ஒரு வாரம் விட்டு, மேடு தெரிந்தால் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை ஈரமாக வைத்து அந்தப் புள்ளியை மட்டும் தேய்த்துக் காம்பவுண்ட் போடுங்கள்.

மூன்றில் முதலில் செய்ய வேண்டியது இந்தப் பானெட்தான். கதவுக் கீறலில் பிரைமர் மிச்சம் இருந்தால் அது கொஞ்ச நாள் பொறுக்கும், பம்பர் பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. தகடு தெரியும் புள்ளி ஒரு மழைக்காலம் தாண்டினால் பெயிண்டுக்கு அடியில் துரு பரவ ஆரம்பிக்கும். ஏற்கெனவே பழுப்பு நிறம் வந்திருந்தால், துளி வைப்பதற்கு முன் ஊசிமுனையால் துருவைச் சுரண்டி, துருவைக் கட்டுப்படுத்தும் ரஸ்ட் கன்வர்ட்டர் திரவத்தைத் தொட்டு, காயவைத்து, பிரைமர் துளி வைத்த பிறகு கலருக்குப் போங்கள்.